ஐந்து காசு ஸ்டாம்பு

தெற்குக் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் இருக்கிறது. வாழை இலை வாங்கலாம். பூச்சரம் வாங்கலாம். அதைச் சுற்றிப் பல காலமாகத் தமிழர்கள் குடியிருக்கிறார்கள். முன்பெல்லாம் ஊருக்குக் கடிதம்தான் போடுவார்கள். கவரில் ஸ்டாம்பு ஒட்டுவார்கள்.

1971 நவம்பர் 15 முதல் அது போதவில்லை. கூடவே 5 காசு ஸ்டாம்பு ஒன்றும் ஒட்ட வேண்டும் என்றது அரசு. அகதிகளுக்கு உதவ வாங்கிய வரி அது. அன்று 5 காசுக்கு மதிப்பு உண்டு.

யார் அந்த அகதிகள்? அன்றைய செய்தித்தாளில் பதில் இருந்தது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் 1 கோடிப் பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தில் தங்கினார்கள்.

ஏன் வந்தார்கள்? இதற்குப் பழைய தாள்களைப் புரட்ட வேண்டும். 1970 டிசம்பர் தேர்தலில் ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் வென்றது. ஆட்சியை அதனிடம் கொடுக்கவில்லை. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவம் மக்களைச் சுட்டது.

வரைபடத்தைப் பாருங்கள். நாடு ஒன்று, துண்டு இரண்டு. இடையே இந்தியா.

வரலாற்றுப் புத்தகம் இன்னும் பின்னே போகும். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மாணவர்கள் சுடப்பட்டார்கள். தங்கள் வங்க மொழிக்கும் உரிமை கேட்டார்கள், அவ்வளவுதான். தமிழருக்கு இதை விளக்க வேண்டுமா? 1965-ஐ நினைத்தால் போதும்.

1971 டிசம்பர் 16-இல் போர் முடிந்தது. வங்க தேசம் பிறந்தது. 1972-இல் அகதிகளில் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். 5 காசு வரியோ 1973 வரை இருந்தது.

அது ஏன்? தேடிப் படியுங்கள்.