அடுப்படி வளியை மானி கொண்டு அறிதல்

புகை கண்ணுக்கு மறைந்ததும் அடுப்படி வளி தூய்மையாயிற்று எனக் கமக்காரர் பலர் கருதுவர். ஆயின் 2.5 மைக்கிரோமீற்றரிலும் சிறிய துகள்கள் அதன் பின்னரும் மிதந்து நுரையீரலின் ஆழத்தை அடையும். கையடக்கமான துகள்மானி இவற்றை ஒளிச்சிதறலால் கணித்து எண்ணாகக் காட்டும். அயலவர் சிலர் சேர்ந்து ஒன்றை வாங்கினும் போதும்.

மானியை அடுப்புக்கு ஒரு மீற்றர் அப்பால், சமைப்பவர் மூச்சுவிடும் உயரத்தில் வைத்தல் வேண்டும். நெல் அவிக்கும் ஆவி பட்டால் எண் பொய்யாக உயரும். அடுப்பு மூட்டுமுன்னும், எரியும்போதும், அணைத்து ஒரு மணி கழித்தும் எண்ணைக் குறித்துக்கொள்க. மறுநாள் யன்னலைத் திறந்துவைத்து மீண்டும் அளக்குக. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வழிகாட்டி அளவு கனமீற்றருக்கு 15 மைக்கிரோகிராம். அது 24 மணி நேரச் சராசரியாகும், சமையல் வேளைக்குரியதன்று.

இம்மானி காபனோரொட்சைட்டைக் காட்டாது. எண் எவ்வளவு குறைந்திருப்பினும், கரி கனலும் அடுப்புடன் அடைத்த அறையில் உறங்குதல் உயிருக்கு ஆபத்தாகும்.