லேப்டாப்பில் மட்டும் வைஃபை வரவில்லையா?

நெட் வரவில்லை என்றதும் பலர் முதலில் செய்வது, ரௌட்டரின் பின்பக்கம் இருக்கும் சிறு துளையில் குண்டூசியை விட்டு அழுத்துவது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அது ரீசெட் துளை. சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால், இணைப்பு கொடுத்தவர் ரௌட்டருக்குள் போட்டுவைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு, நீங்கள் வைத்த வைஃபை பெயர் எல்லாமே அழிந்துவிடும். அதுவரை ஒரு லேப்டாப்பில் மட்டும் இருந்த தொல்லை வீடு முழுவதற்கும் பரவிவிடும். கேபிள்காரர் வந்து திரும்பப் போட்டுக் கொடுக்கும்வரை யாருக்கும் நெட் இல்லை. நாளைக்கு ஆன்லைன் நேர்காணல், பிள்ளைக்குத் தேர்வு என்று இருக்கும் வீட்டில் இது பெரிய இழப்பு.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். கையில் இருக்கும் போனே இதற்குப் போதும். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் ஒரு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். டேட்டாவை அணைக்காமல் பார்த்தால் பயனில்லை. வைஃபையில் நெட் இல்லாவிட்டால் போன் சத்தமில்லாமல் சிம் கார்டு நெட்டுக்குத் தாவிவிடும். வைஃபை நன்றாக இருக்கிறது என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள்.

போனிலும் வரவில்லை என்றால் லேப்டாப்பைத் தொட வேண்டாம். ஃபைபர் இணைப்பு என்றால் பெட்டியில் உள்ள விளக்குகளைப் பாருங்கள். ‘பான்’ என்று எழுதிய விளக்கு நிலையாக எரிய வேண்டும். ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, ஒளி சிக்னல் வீடு வரை வரவில்லை என்று பொருள். பெட்டிக்கு வரும் மெல்லிய ஒயருக்குள் இருப்பது கண்ணாடி இழை. பீரோவை நகர்த்தும்போது நசுங்கியிருக்கலாம், கதவிடுக்கில் மடங்கியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். மடங்கியிருந்தால் மெதுவாக நேராக்கிப் பாருங்கள். ஆனால் ஒயரைக் கழற்றி அதன் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. சிவப்பு அணையாவிட்டால் கேபிள்காரருக்குப் போன் செய்து, லாஸ் சிவப்பாக எரிகிறது என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லிலேயே அவருக்குப் புரிந்துவிடும். விளக்குகள் சரியாக இருந்தும் நெட் இல்லையென்றால், மாதக் கட்டணம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பெட்டியை அணைத்து அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் தனித்தனியாக இருந்தால், முதலில் ஃபைபர் பெட்டி, அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரௌட்டர்.

போனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் இல்லை என்றால் இனி வேலை லேப்டாப்பில். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அது பலித்ததா என்று பார்த்த பிறகே அடுத்தது.

முதல் மாற்றம் ரீஸ்டார்ட். ‘ஷட் டவுன்’ கொடுத்துத் திரும்பப் போடுவது இதற்கு ஈடாகாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற வசதி உண்டு. ஷட் டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் ஒரு பகுதியை அப்படியே சேமித்துவைத்து, அடுத்த முறை அதையே எடுத்து ஓட்டும். சிக்கிக்கொண்ட வைஃபை மென்பொருளும் அதோடு சிக்கலாகவே திரும்பி வரும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அதன் பிறகும் வரவில்லை என்றால், லேப்டாப் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள்.

வைஃபை சின்னமே காணோம், அல்லது பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள்கூடத் தெரியவில்லை: ஏரோப்ளேன் மோட் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். விசைப்பலகையின் மேல்வரிசையில் விமானமோ ஆன்டெனாவோ போட்ட விசை இருக்கும். துடைக்கும்போது கை பட்டாலே மாறிவிடும். சில பழைய மாடல்களில் பக்கவாட்டில் சிறு ஸ்விட்ச்சும் உண்டு. அடுத்து, லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுப் போடுங்கள். காணாமல் போன வைஃபை கார்டு பல நேரம் இதிலேயே திரும்பி வந்துவிடும். வரவில்லை என்றால் ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ பகுதியைப் பாருங்கள். வைஃபை கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் கெட்டிருக்கலாம். நெட் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? போனை யூஎஸ்பி ஒயரில் மாட்டி, போன் செட்டிங்ஸில் ‘யூஎஸ்பி டெதரிங்’ போடுங்கள். வைஃபை கார்டு இல்லாமலேயே லேப்டாப்புக்கு நெட் வரும். லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்கு உரிய டிரைவரை எடுத்துப் போடுங்கள். அவசர வேலை இருந்தால் இந்த வழியிலேயே முதலில் அதை முடித்துக்கொள்ளலாம்.

மற்ற பெயர்கள் தெரிகின்றன, நம் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை: பல ரௌட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் அனுப்பும். பழைய, விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றுக்கு 5 தெரியாது. 2.4 அணைந்திருந்தால் போனில் தெரிந்த பெயர் லேப்டாப்பில் தெரியாது. சேனலும் காரணமாகலாம். ரௌட்டர் 12 அல்லது 13ஆம் சேனலில் உட்கார்ந்தால் சில லேப்டாப்கள் அதைத் தேடவே தேடா. ரௌட்டர் செட்டிங்ஸில் 1, 6, 11 இவற்றில் ஒன்றை வைத்துவிட்டால் தீர்ந்தது. சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கிய பிறகு, ரௌட்டருக்கு மிக அருகில் போனால்தான் பெயர் தெரிகிறது என்றால், உள்ளே ஆன்டெனா ஒயரைத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கலாம். கடைக்காரரிடம் அதையே சொல்லிக் கேளுங்கள்.

பாஸ்வேர்டு கேட்டுக் கேட்டு மறுக்கிறது: யாரோ வீட்டில் பாஸ்வேர்டு மாற்றியிருப்பார்கள், லேப்டாப் பழையதையே நினைவில் வைத்திருக்கும். வைஃபை பெயரைத் தேர்ந்து ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். பாஸ்வேர்டு மறந்திருந்தால், பல ஆண்ட்ராய்டு போன்களில் வைஃபை பெயரின் உள்ளே ‘ஷேர்’ அழுத்தினால் க்யூஆர் கட்டத்துக்குக் கீழே எழுத்தாகவே தெரியும். புது ரௌட்டர் மாட்டியதிலிருந்துதான் தொல்லை என்றால், பாதுகாப்பு முறை ‘டபிள்யூபிஏ 3’ மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய லேப்டாப்களுக்கு அது புரியாது. 2, 3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றினால் போதும்.

இணைந்துவிட்டது, ஆனால் ‘நோ இன்டர்நெட்’ என்கிறது: மக்களை அதிகம் குழப்புவது இதுதான். செட்டிங்ஸில் வைஃபையின் ‘ப்ராபர்ட்டீஸ்’ பக்கத்துக்குப் போய் ‘ஐபிவி4 அட்ரஸ்’ என்ன என்று படியுங்கள். 169.254 என்று தொடங்கினால், ரௌட்டர் முகவரி எதுவும் கொடுக்காததால் லேப்டாப் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. அதே பக்கத்தில் ‘ஐபி அசைன்மென்ட்’ என்ற இடத்தில் ‘ஆட்டோமேட்டிக்’ இருக்க வேண்டும். அலுவலகத்தில் யாராவது ‘மேனுவல்’ போட்டு எண் கொடுத்திருந்தால் வீட்டில் வேலை செய்யாது. முகவரி 192.168 என்று சரியாகவே இருந்தால், அலுவலக விபிஎன், ப்ராக்ஸி எதுவும் ஓடுகிறதா பார்த்து நிறுத்துங்கள். பிறகு தேதியையும் நேரத்தையும் பாருங்கள். நெடுநாள் சார்ஜ் இறங்கிக் கிடந்த லேப்டாப்பில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று இணையதளங்கள் முரண்டு பிடிக்கும். இவையெல்லாம் சரி என்றால் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள்.

வந்து வந்து போகிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டைத் திறந்து, ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதி இருந்தால், மின்சாரம் மிச்சப்படுத்த கார்டை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

எதற்கும் அசையாவிட்டால் ‘அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்’ உள்ளே ‘நெட்வொர்க் ரீசெட்’ இருக்கிறது. இது லேப்டாப்பை மட்டுமே பாதிக்கும், ரௌட்டரைத் தொடாது. ஆனால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் விபிஎன் அமைப்புகளும் போய்விடும், எழுதிவைத்துக்கொண்டு அழுத்துங்கள்.

அதற்குப் பிறகும் கார்டு கண்ணில் படவில்லை என்றால் அது பழுதாகியிருக்கலாம். அதற்காகப் புது லேப்டாப் வாங்க வேண்டியதில்லை. யூஎஸ்பியில் செருகும் சிறு வைஃபை அடாப்டர் கடைகளில் கிடைக்கிறது. ‘டூயல் பேண்ட்’ என்று போட்டதாகக் கேட்டு வாங்குங்கள். பல மாடல்களில் உள்ளே இருக்கும் கார்டையே மாற்றலாம். சிலவற்றில் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள். அவற்றுக்கு யூஎஸ்பி அடாப்டர்தான் வழி. அது வரும்வரை ரௌட்டரிலிருந்து லேன் ஒயரை நேராக லேப்டாப்பில் மாட்டி வேலையைப் பாருங்கள்.