நாகர்கோவில் வெயிலில் கரையாத நுரை ஜெல்லி

1980-களின் கடைசியில் எங்கள் தெருவில் ஜெல்லியை அடித்து நுரையாக்கித் தருகிற வீடு ஒன்றுதான். டீச்சரம்மா வீடு. அவர் மகன் மஸ்கட்டிலிருந்து வரும்போது பெட்டிக்குள் நைடோ பால்பொடி, டாங், கோடாலித் தைலம் இவற்றோடு ரெயின்போ பால் டின் இரண்டும் சிவப்பு ஜெல்லிப் பொட்டலங்களும் இருக்கும். கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் பிரியாணி முடிந்ததும் பாத்திரமும் மத்தும் எங்களிடம் வரும். “மக்களே, கைய நிறுத்தப்பிடாது, கேட்டியா” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விடுவார். பாதி உறைந்த ஜெல்லியும் குளிர்ந்த பாலும் சேர்ந்து ரோஸ் நிறத்தில் பொங்கிப் பொங்கி ஏனத்தின் விளிம்பைத் தொடும். வாயில் வைத்தால் மெல்ல வேண்டிய வேலையே இல்லை. காற்றுதான், இனிப்பான காற்று.

போன டிசம்பரில் அதைத் திருப்பிச் செய்துபார்க்க ஆசைப்பட்டு, வடசேரியில் இரண்டு ஜெல்லிப் பொட்டலம் வாங்கி, அதே மாதிரி கரைத்து, குளிரவைத்து, மெஷினில் அடித்தேன். நுரை வரவில்லை. சிவப்பு ரவை உப்புமா மாதிரி உதிர்ந்து கிடந்தது. என் கையில் குற்றமில்லை என்பது பொட்டலத்தின் ஓரத்தில் இருந்த, சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

பழைய ஜெல்லி ஜெலட்டினால் ஆனது. மாட்டின், பன்றியின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற புரதம் அது. குளிரக் குளிர மெல்லத்தான் இறுகும். தண்ணீராகவும் இல்லாமல் கட்டியாகவும் இல்லாமல், முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுவென்று நிற்கிற ஒரு பதம் அதற்கு நிறைய நேரம் இருக்கும். அந்த நேரத்தில் அடித்தால் காற்றைப் பிடித்துக்கொள்ளும். பச்சைப் புள்ளி போட்ட பொட்டலங்களில் பெரும்பாலும் இருப்பது கராஜீனன் என்ற பாசிப் பொருள். ராமநாதபுரம் கடற்கரையில் ‘பெப்சி பாசி’ என்று சொல்வார்களே, அதிலிருந்து எடுப்பது. (பெப்சி நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் அந்த வளர்ப்பை ஊக்குவித்ததால் வந்த பெயர்.) கராஜீனன் நம் வீட்டு அறைச் சூட்டிலேயே சட்டென்று இறுகிவிடும். இடைப்பட்ட பதம் கண்ணில் படுவதற்குள் கட்டியாகிவிடும். கட்டியை அடித்தால் தூள்தான் கிடைக்கும்.

ஜெலட்டின்தான் வேண்டும் என்றால் கேக் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். ஜெல்லிக்குச் சொன்ன தண்ணீரில் பாதி அளவில் கரைத்து, வழுவழுப் பதம் வரும்வரை குளிரவைத்து, முந்தின நாளே பிரிட்ஜில் வைத்த எவாப்பரேட்டட் பாலைத் தனியே இரட்டிப்பாகும்வரை அடித்து, இரண்டையும் சேர்த்து மறுபடி அடித்து, மூன்று மணி நேரம் குளிரில் விட்டால் டீச்சரம்மா வீட்டுப் பதம் வந்துவிடும். ஆனால் விருந்துக்கு வருபவர்களில் சைவக்காரர்கள் இருப்பார்கள், இடலாக்குடியிலிருந்து வருகிற நண்பர் ஹலாலா என்று கேட்பார். இன்னொன்று, ஜெலட்டின் 35 டிகிரிக்குள் உருகிவிடும். சித்திரை மாதத்து நாகர்கோவிலில் மேஜைக்கு வந்த பத்தாவது நிமிடம் அது பாயசம்.

அதனால் நான் கடல்பாசிக்கு மாறிவிட்டேன். கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் கடல்பாசி என்ற பெயரில் பாலும் சீனியும் சேர்ந்து துண்டு துண்டாகத் தட்டில் வருவதும் இதுதான். பாதாம் பிசின் வேறு, மாற்றி வாங்கிவிட வேண்டாம். பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் முங்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் இதற்கான மூலப்பொருள்கள். கடல்பாசி 85 டிகிரிக்கு மேல்தான் உருகும், 40-க்குக் கீழே வந்தால்தான் இறுகும். பிரிட்ஜே இல்லாத வீட்டில், அடுக்களைத் திண்டில் வைத்தாலும் உறையும். உறைந்தபின் எந்த வெயிலுக்கும் அசையாது.

இந்தக் குணத்தை உலகம் கண்டுகொண்டதும் அடுக்களை வழியாகத்தான். 1881-இல் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் ஜெலட்டின் தட்டுகள் சூட்டில் இளகி ஒழுகின. அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸின் மனைவி ஃபானி, ஜாவாவில் வாழ்ந்த தெரிந்தவர்கள் மூலம் பழகியிருந்த அகாரை, அதாவது நம் கடல்பாசியைத் தன் ஜெல்லியிலும் புட்டிங்கிலும் போடுகிறவர். அதையே முயன்று பாருங்கள் என்றார். இன்றைக்கும் உலகமெங்கும் ஆய்வுக்கூடத் தட்டுகளில் இருப்பது அந்தப் புட்டிங் சரக்குதான்.

சரி, செய்முறைக்கு வருவோம். ஒன்பது அங்குலத் தட்டு ஒன்றுக்குத் தேவையானவை: கடல்பாசி இழை 5 கிராம், இளநீர் 300 மில்லி, சீனி 100 கிராம், இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு சிட்டிகை உப்பு, அரை எலுமிச்சைச் சாறு. மேலே ஊற்றக் கருப்பட்டிப் பாகு. தேங்காய்ப் பால் சேர்க்கலாமே என்று நம் ஊர்க் கை தானாகப் போகும். கூடாது. கொழுப்பு பட்டால் வெள்ளைக்கரு நுரை அமுங்கிவிடும். இளநீரில் கொழுப்பு இல்லாததால்தான் அதைச் சொல்கிறேன், வாசனையும் உண்டு. வழுக்கை இருந்தால் பொடியாக நறுக்கித் தனியே வையுங்கள்.

முதலில் கடல்பாசியைக் கத்தரிக்கோலால் சிறு துண்டாக்கி அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள். பிழிந்து எடுத்து, இளநீரில் போட்டு, சிறு தீயில் எட்டுப் பத்து நிமிடம் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். அகப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி நூல் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் இன்னும் கரையவில்லை என்று பொருள். முழுதும் கரைந்த பிறகே சீனி. முன்கூட்டிப் போட்டால் பாசி கரைய அடம்பிடிக்கும். சீனி கரைந்ததும் ஒரு கொதி விட்டு, வடிகட்டி, அதே சூட்டில் மூடி வையுங்கள். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகு. புளிப்போடு கொதித்தால் கடல்பாசி இறுகும் பலத்தை இழந்துவிடும்.

பாசி காயும்போதே இன்னொருவர் வெள்ளைக்கருவை அடிக்கத் தொடங்கலாம். பிளாஸ்டிக் பாத்திரம் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு அதைவிட்டு முழுதாகப் போகாது. எவர்சில்வர் ஏனத்தை எலுமிச்சைத் தோலால் துடைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். மஞ்சள் கரு ஒரு பொட்டு விழுந்தாலும் அந்த முட்டையை ஆம்லேட்டுக்கு ஒதுக்கிவிட்டு வேறு எடுப்பது நல்லது. உப்புச் சேர்த்துக் கையால் அடித்தால் பத்து நிமிடம், மெஷின் என்றால் மூன்று. மத்தைத் தூக்கினால் நுரை மூக்கு மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டும்.

இனி வருவதுதான் எல்லாரும் தவறுகிற இடம். சூடான பாசிப் பாகை நூல் போல, ஒரு கை ஊற்ற ஒரு கை அடிக்க, வெள்ளைக்கருவில் விடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் முட்டை வெந்து திரியும். முழுவதும் ஊற்றிய பிறகும் கை நிற்கக் கூடாது. உடனே தட்டில் ஊற்றிவிட்டால் நுரை மேலே ஏறி, ஜெல்லி அடியில் தங்கி, இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். அதிக நேரம் அடித்தால் பாசி பாத்திரத்திலேயே இறுகிக் கட்டி தட்டும். ஏனத்தின் அடியைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்கிற வெந்நீர்ச் சூடு, அதாவது 45 டிகிரி அளவு, அதுதான் பதம். நுரை மெல்லக் கனத்து, மோர்க்குழம்பு போல ஒழுகும். தண்ணீரில் நனைத்த தட்டில் ஊற்றி, வழுக்கையைத் தூவி, தட்டை ஒருமுறை தரையில் தட்டுங்கள். அரை மணி நேரத்தில் உறைந்துவிடும். சில்லென்று வேண்டுமானால் பிரிட்ஜில் ஒரு மணி நேரம்.

பிரீசரில் மட்டும் வைக்காதீர்கள். கடல்பாசி பனிக்கட்டியானால் உள்ளிருக்கும் தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டு வெறும் சக்கையாகிவிடும். கடையில் வாங்குகிற உலர்ந்த இழையே இப்படி வந்ததுதான். 17-ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் ஒரு சத்திரக்காரர் மிஞ்சிய பாசி ஜெல்லியைக் குளிர் இரவில் வெளியே எறிய, அது உறைந்து, பிறகு வெயிலில் உலர்ந்து இழையானது என்று கதை சொல்வார்கள்.

முட்டை ஆகாத வீட்டுக்கும், கர்ப்பிணிகள், வயதானவர்கள், கைக்குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கும் கிரீம்தான் வழி. பெட்டியில் வருகிற சாதாரணக் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான், எவ்வளவு அடித்தாலும் எழும்பாது. 30-க்கு மேல் உள்ளதாகப் பார்த்து வாங்கி, அடித்து, பிரிட்ஜுக்கு வெளியே சற்று வைத்துக் குளிர் விட்டதும் வெதுவெதுப்பான பாசியை வேகமாகக் கலக்கவும். குளிர்ந்த கிரீமில் ஊற்றினால் பட்ட இடத்திலேயே திப்பி திப்பியாக உறையும். முட்டை நுரையின் லேசு இதில் வராது, ஒத்துக்கொள்கிறேன். இதில் தேங்காய்ப் பாலும் ஒரு கரண்டி சேர்க்கலாம்.

கருப்பட்டிப் பாகுக்கு, 100 கிராம் கருப்பட்டியைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, ஒரு துண்டு சுக்குத் தட்டிப்போட்டுத் தேன் பதத்துக்குக் காய்ச்சினால் போதும். வெள்ளை நுரையின் மேல் அது ஒழுகும்போது டீச்சரம்மாவின் ரோஸ் நிறத்தை நான் தேடுவதில்லை. பழம் வைக்க ஆசையென்றால் நம் மட்டிப் பழம் அருமையாகச் சேரும். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அதற்கு மவுசு வேறு. குலசேகரம் பக்கத்து இளம் ரப்பர் தோட்டங்களில் ஊடுபயிராக விளைகிற கைதச்சக்கையும் (அன்னாசி) வைக்கலாம். பச்சைக் கைதச்சக்கை பட்டால் அதிலிருக்கும் நொதி ஜெலட்டினைத் தின்றுவிடும், கடைசிவரை உறையாது. கடல்பாசி புரதம் இல்லை, அதனால் அந்த நொதியின் பாச்சா பலிக்காது.

துண்டு போட்டதை அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள், மறுநாள் தண்ணீர் விட்டு வியர்த்துக் கிடக்கும். மிச்சமிருக்கும் மஞ்சள் கரு இரண்டையும் ஒரு முழு முட்டையோடு கலக்கி, உள்ளியும் மிளகும் போட்டுச் சுட்டால் நல்ல ஆம்லேட். அது கை வலிக்க அடித்தவருக்கு.