சிவப்புப் பொத்தானில் எப்போது மின்னோட்டம் ஓடுகிறது?

செம்பனை ஆலையில் பழக்குலைகளை மேலே ஏற்றிச் செல்லும் நீண்ட பட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் அருகே இரண்டு பொத்தான்கள் இருக்கும். பச்சையை அழுத்தினால் மோட்டார் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும். மாணவர்களே, ஒரு கேள்வி: சிவப்புப் பொத்தானின் வழியாக மின்னோட்டம் எப்போது பாய்கிறது? அழுத்தும்போதா, அழுத்தாதபோதா?

அழுத்தும்போது என்று சொல்லத் தோன்றும். வீட்டு அழைப்பு மணி அப்படித்தானே வேலை செய்கிறது! ஆனால் இங்கே நேர்மாறு. இயந்திரம் ஓடும் நேரம் முழுவதும் சிவப்புப் பொத்தானில் மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருக்கும். அழுத்தினால் சுற்று துண்டிக்கப்படும்; மோட்டார் நிற்கும். இதனை இயல்பாக மூடிய தொடர்பு என்பர். பச்சைப் பொத்தானில் இருப்பது இயல்பாகத் திறந்த தொடர்பு.

ஏன் இந்த ஏற்பாடு? எலி கம்பியைக் கடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது அதிர்வினால் திருகாணி தளர்ந்து கம்பி கழன்றுவிடுகிறது. சிவப்புப் பொத்தானும் அழைப்பு மணி போல இணைக்கப்பட்டிருந்தால் இந்தப் பழுது யாருக்கும் தெரியாது. இயந்திரம் வழக்கம்போல் ஓடும். ஒருவருடைய சட்டைக்கை பட்டையில் சிக்கி, பக்கத்தில் இருப்பவர் ஓடிவந்து பொத்தானை அழுத்தும் அந்த நொடியில்தான் தெரியவரும். மூடிய தொடர்பாக இருந்தால் கம்பி அறுந்த உடனேயே இயந்திரம் நின்றுவிடும். ஒரு மணி நேர வேலை கெடும், அவ்வளவுதான்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. பொத்தானுக்குப் போகும் இரண்டு கம்பிகளின் உறையும் தேய்ந்து, உள்ளிருக்கும் செம்பு ஒன்றோடொன்று தொட்டுவிட்டால்? பொத்தானை அழுத்தினாலும் மின்னோட்டம் குறுக்கு வழியில் போய்விடும். அதனால்தான் அவசர நிறுத்தப் பொத்தான்களில் இரண்டு தனித்தனித் தொடர்புகளை வைக்கிறார்கள். பாதுகாப்பு ரிலே என்னும் கருவி இரண்டையும் ஒப்பிடும். ஒன்று திறந்து மற்றது திறக்காவிட்டால், மீண்டும் ஓட அனுமதிக்காது.

பச்சைப் பொத்தானுக்கு வருவோம். விரலை எடுத்த பிறகும் மோட்டார் எப்படி ஓடுகிறது? பழைய முறையில், பொத்தானை அழுத்தியதும் கான்டாக்டரின் காந்தச்சுருள் உயிர்பெறும். அந்தக் காந்தமே ஒரு சிறு தொடர்பை மூடிக்கொள்ளும். பொத்தானுக்கு இணையாக உள்ள அத்தொடர்பின் வழியே சுருளுக்கு மின்னோட்டம் தொடரும். மின்தடை வந்தால் காந்தம் விடுபட்டுத் தொடர்பும் திறந்துவிடும். மின்சாரம் திரும்பினாலும் மோட்டார் தானாக ஓடாது. யாராவது மறுபடி பச்சையை அழுத்த வேண்டும். மின்தடையின்போது ஒருவர் பட்டைக்குள் கைவிட்டுச் சிக்கிய குலையை எடுத்துக்கொண்டிருந்தால், அவரைக் காப்பது இந்தச் சிறு தொடர்புதான். அங்கே சாதாரண விளக்கு விசையைப் போட்டிருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

இன்று பல மோட்டார்களை இன்வெர்ட்டர்கள் இயக்குகின்றன. வரும் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கி, பிறகு வேண்டிய அதிர்வெண்ணில் மறுபடி மாறுதிசையாக்கி மோட்டாரின் வேகத்தை மாற்றும் பெட்டி இது. இதன் கட்டுப்பாட்டுக் கம்பிகளில் பெரும்பாலும் 24 வோல்ட்தான் இருக்கும். ‘மூன்று கம்பி முறை’யில் இணைத்தால், மேலே சொன்ன தற்பிடிப்பு வேலையை இன்வெர்ட்டரே செய்துகொள்ளும்.

24 வோல்ட்தானே என்று மூடியைத் திறந்துவிடக் கூடாது. அதே பெட்டிக்குள், 400 வோல்ட் மும்முனை மின்சாரம் நேர்திசையாகும்போது அதன் உச்ச அளவான ஏறத்தாழ 565 வோல்ட் வரை மின்தேக்கிகளில் சேர்கிறது. 400-ஐ 1.414-ஆல் பெருக்கிப் பாருங்கள். முதன்மை விசையை அணைத்த பிறகும் அந்த மின்னூட்டம் பல நிமிடங்கள் அங்கேயே இருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பெட்டியின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். அனுபவமுள்ள மின்பணியாளர் முதன்மை விசையில் தம் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த நேரம் காத்திருந்து, அதன் பிறகும் அளவியால் அளந்து பார்த்த பின்பே கைவைப்பார். சிவப்புப் பொத்தானை அழுத்தியது போதாது. அது மோட்டாரை நிறுத்துமே தவிர, பெட்டிக்குள் இருக்கும் மின்னழுத்தத்தை நீக்காது.

இப்போது உங்களுக்கு ஒரு பயிற்சி. பட்டை நீளமானது, இரு முனைகளிலும் ஆளுக்கொரு பச்சை, ஆளுக்கொரு சிவப்புப் பொத்தான் வேண்டும். எந்த முனையிலிருந்தும் இயக்கவும் நிறுத்தவும் முடிய வேண்டும். இரண்டு சிவப்புப் பொத்தான்களைத் தொடராக இணைப்பீர்களா, இணையாகவா? பச்சைப் பொத்தான்களை? சுற்றுப்படத்தை வரைந்து, ஒவ்வொரு கம்பியாக அழித்து, எது அறுந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.