தறி ஷெட்டுக்குப் போன டேப்

“அக்கா, பழைய டேபுக்கு அப்டேட் போட்டீங்கன்னா அது செத்துடும். மெசேஜ் வந்தா தள்ளிவிட்டுகினே இருங்க.”

சோளிங்கரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி எனக்குச் சொன்ன அறிவுரை இது. நான் கேட்கவில்லை. வந்த அப்டேட் எல்லாவற்றையும் போட்டேன். டேப் சாகவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குணம் மாறியது. அந்தத் தம்பி சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு என்று புரிய எனக்கு ஐந்து வருஷம் ஆயிற்று.

எங்களுக்குத் திருத்தணிப் பக்கம் ஆர்.கே.பேட்டை. வீட்டை ஒட்டியே தறி ஷெட், ஆறு பவர்லூம், கட்டம் போட்ட கைலி. வீட்டில் பேச்சு பாதி தெலுங்கு, பாதி தமிழ். 1960 வரை திருத்தணி வட்டாரமே ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்ததுதானே. 2020-ல் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது மகள் ஆறாம் வகுப்பு. வீட்டில் இருந்த நல்ல போன் ஒன்றுதான், அது மாமா, அதாவது என் மாமனார், கையில். நூல், பாவு, கூலி என்று காலையிலிருந்து ராத்திரி வரை அவருக்கு அதிலேயே வேலை. அதனால் அந்த ஜூலையில் சிம் போடுகிற ரகமாக ஒரு டேப் வாங்கினோம். 2 ஜிபி ராம், 32 ஜிபி இடம், உள்ளே ஆண்ட்ராய்டு 9. கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். அந்த விலையில் வந்த எல்லா டேபுக்கும் இந்தக் கதை பொருந்தும். 32 என்பதும் பேச்சுக்குத்தான். சிஸ்டமும் கூடவே வந்த ஆப்களும் பத்து ஜிபிக்கு மேல் உட்கார்ந்துவிட்டன. நம் கைக்கு மிஞ்சியது இருபது சொச்சம்.

முதல் பெரிய அப்டேட் அந்த வருஷக் கடைசியில் வந்தது, ஆண்ட்ராய்டு 10. ஒரு ஜிபிக்கு மேல் இறக்க வேண்டியிருந்தது. எங்கள் பேக்கில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபிதான். மகளின் மறுநாள் வகுப்பு போய்விடக் கூடாதென்று ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பித்து, பன்னிரண்டு தாண்டி புதுக் கணக்கு பிறந்ததும் மீதியை இறக்கினேன். அப்புறம் சார்ஜரில் செருகி ‘இன்ஸ்டால்’ அழுத்தினேன். பாதியில் கரண்ட் போயிற்று. ஷெட்டில் ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டம் சட்டென்று நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. பேட்டரி நாற்பது சதவீதம். கம்பெனி லோகோ மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. அந்தப் பதினைந்து நிமிஷம் முருகனைக் கூப்பிட்டபடி உட்கார்ந்திருந்தேன். ஒருவழியாக டேப் கரை சேர்ந்தது. அதற்குப் பிறகு முழுசாகச் சார்ஜ் ஏறின பிறகுதான் அப்டேட்டில் கை வைப்பேன். ‘சார்ஜரில் செருகியிருக்கிறதே’ என்ற தைரியம் எங்கள் ஊர்ப் பக்கம் செல்லாது.

மறுநாள் டேப் நெருப்பாய்ச் சுட்டது. தொட்டால் மூன்று நொடி கழித்துத்தான் திறந்தது. கடைத் தம்பி சொன்னது பலித்துவிட்டது என்று நான் புலம்ப, மாமா தறியிலிருந்து தலையைக் கூடத் திருப்பவில்லை.

“புதுப் பாவு பிணைச்சா முதல் பத்து முழம் இழை அறுந்துகினேதாம்மா இருக்கும். ஓட விடு.”

பழைய பாவின் முனையோடு புதுப் பாவை ஒவ்வொரு இழையாக முடிச்சுப் போட்டுப் பிணைப்பார்கள். அந்த முடிச்சுகள் அச்சைத் தாண்டிப் போகிறவரை தறிக்காரருக்கு நிம்மதி இல்லை. டேபுக்குள் நடப்பதும் அதுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். புது சிஸ்டம் வந்ததும் இருக்கிற ஆப் ஒவ்வொன்றையும் தனக்கு ஏற்றபடி மறுபடி பதம் பண்ணிக்கொள்கிறது. 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5-லிருந்து இந்த வேலை இன்னும் கூடியது. இப்போதைய வகைகளில் அதில் பெரும்பகுதியை, டேப் சார்ஜில் இருந்து, யாரும் தொடாமல் சும்மா கிடக்கும் நேரத்தில்தான் அது செய்யும். கூடவே போட்டோக்களை எல்லாம் திரும்ப எண்ணும். பிளே ஸ்டோர் வேறு வரிசையாக ஆப்களைப் புதுப்பிக்கும். ஆகவே அப்டேட் போட்ட கையோடு தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டு ராத்திரி சார்ஜரில் போட்டு, வைபை இருந்தால் அதோடு சேர்த்து, தனியாக விட்டுவிடுங்கள். எங்களுடையது மூன்றாம் நாள் தன்னால் சரியாயிற்று. முன்பிருந்த வேகம் அப்படியே வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் வேலை நடந்தது.

ஆண்ட்ராய்டு 11 வந்தபோதுதான் வீட்டில் சண்டையே வந்தது. மாமாவுக்கு டேபின் வாட்ஸ்அப்பில் வரும் கைலி மாதிரிப் படங்கள் இருந்தன. எந்தக் கட்டத்துக்கு எந்தக் கலர், கரைக்கு எத்தனை இழை என்று சீட்டில் எழுதிப் படம் பிடித்து அனுப்புவார்கள். அவர் ஃபைல் மேனேஜரில் நேராக வாட்ஸ்அப் போல்டருக்குள் போய்த்தான் பார்ப்பார். வேறு வழி அவருக்குத் தெரியாது. ஒருநாள் காலை அந்த போல்டர் காலி. “ஏம்மா, ஒரு வருஷ டிசைனையும் அழிச்சுட்டியா?” என்று கேட்டுவிட்டு அன்று முழுக்கப் பேசவில்லை. படங்கள் எங்கேயும் போகவில்லை. ஆண்ட்ராய்டு 11-லிருந்து ஒரு ஆப் இன்னொரு ஆப்பின் பொருளைத் துழாவ முடியாதபடி விதியை இறுக்கினார்கள். அதற்கேற்ப வாட்ஸ்அப் தன் மூட்டையை ‘ஆண்ட்ராய்டு’ என்ற போல்டருக்குள், ‘மீடியா’ என்ற போல்டருக்குள் தூக்கி வைத்துக்கொண்டது. நான்கு படி உள்ளே இறங்கினால் எல்லாம் பத்திரமாக இருந்தது. அதே 11-ல் இன்னொன்றும் வந்தது. மாதக்கணக்கில் தொடாத ஆப்புக்குக் கொடுத்திருந்த அனுமதிகளை சிஸ்டமே திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். மாமாவின் குரல் பதிவு ஆப் திடீரென்று ஊமையானது அதனால்தான். மைக் அனுமதியைத் திரும்பக் கொடுத்ததும் பேசியது. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது காணாமல் போனால், அழிந்துவிட்டது என்று முடிவுகட்டி எதையும் அழித்துத் திரும்ப ஏற்றிவிடாதீர்கள். முதலில் இடம் மாறியிருக்கிறதா, அனுமதி போயிருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்தில் சார்ஜ் ஏறுவது நின்றுபோகிற அளவுக்கு மெதுவானது. ராத்திரி முழுக்கப் போட்டாலும் அறுபதைத் தாண்டாது. அப்டேட் பேட்டரியைத் தின்றுவிட்டது என்று நானே நம்பிவிட்டேன். சோளிங்கருக்குத் தூக்கிக்கொண்டு போனால் அந்தத் தம்பி, “நான் அப்பவே சொன்னேன்ல” என்று ஆரம்பித்தான். பிறகு டேபை அணைத்து, சார்ஜர் செருகும் ஓட்டையை லைட் அடித்துப் பார்த்து, பல்குச்சியை நுனி மழுக்கி உள்ளே விட்டு மெதுவாக நெம்பினான். அரிசி அளவுக்கு ஒரு பஞ்சு உருண்டை வெளியே வந்தது. கெட்டியாய், லேசான நீலத்தில். அந்த மாதம் எங்கள் தறியில் நீலக் கட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது. தறி ஷெட் ஜன்னலில் வைத்துச் சார்ஜ் போட்டதில் நூல் தூசி உள்ளே போய், செருகச் செருக இறுகியிருக்கிறது. தம்பி காசு வாங்கவில்லை. அப்டேட்டைப் பற்றியும் அதற்கப்புறம் பேசவில்லை.

வேகம் குறைந்ததற்கும் பெரிய காரணம் அப்டேட் இல்லை. 2022-ல் ஒருநாள் பார்த்தால் மிச்சம் இருந்தது 600 எம்பி. அத்தை பேரில் இருந்த மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் வந்த காலை வணக்கப் படங்கள், ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி மலையில் எடுத்த காவடி வீடியோ, ஒரே வீடியோ நாலு பேர் அனுப்பி நாலு தடவை. இந்த மாதிரி டேபில் இருக்கும் சேமிப்புச் சில்லில் பழைய எழுத்தின் மேலேயே புதிதாக எழுத முடியாது. ஒரு பாத்தி முழுவதையும் அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். காலிப் பாத்தி இல்லையென்றால், இருப்பதை ஒதுக்கி ஒதுக்கித்தான் ஒவ்வொரு வரியும் எழுதும். கூகுளின் 2012 நெக்ஸஸ் 7 நாளாக நாளாக மந்தமானதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம் இதுதான். எந்தப் பாத்தி காலி என்று சில்லுக்குச் சொல்லும் ஏற்பாட்டை அதற்குக் கொண்டுவந்ததும் ஒரு அப்டேட்தான், 2013-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.3. அதே டேப் அடுத்த வருஷம் ஆண்ட்ராய்டு 5 ஏறியதும் மறுபடி தடுமாறுகிறது என்று நிறையப் பேர் குறைப்பட்டார்கள். ஒரு அப்டேட் உயிர் கொடுத்தது, இன்னொன்று மூச்சு வாங்க வைத்தது.

எங்களுடையதை மொத்தமாக ரீசெட் செய்தேன். டிசைன் படங்களை மெமரி கார்டிலும் மகளின் பாடங்களை ஒரு பென்டிரைவிலும் எடுத்து வைத்த பிறகுதான். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவில்லாமல் மட்டும் ரீசெட்டில் கை வைக்காதீர்கள். பழைய கணக்கைக் கேட்டு நிற்கலாம். தெரியாவிட்டால் உள்ளே விடாது, திருடனைத் தடுக்க வைத்த பூட்டு அது. ரீசெட்டுக்குப் பிறகு ஏழு ஆப் மட்டும் திரும்பப் போட்டேன். கூடவே வந்து அழிக்க முடியாதவற்றை ‘முடக்கு’ கொடுத்துப் படுக்க வைத்தேன். பேஸ்புக்கை ஆப்பாக வைக்காமல் பிரவுசரிலேயே பார்த்துக்கொண்டோம். யூடியூப் கோ என்று குறைந்த ராமுக்கென்றே ஒரு மெலிந்த ஆப் இருந்தது, அதையும் 2022 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். சிஸ்டம் அப்டேட் வருஷத்துக்கு ஒன்று. ஆப்கள் வாராவாரம் பெருத்துக்கொண்டே போகின்றன. நாம் திட்டுவது முன்னதை.

கம்பெனிகள் மேல் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தைத் தன் அப்டேட் மட்டுப்படுத்தியதை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணையாமல் இருக்கத்தான் என்று காரணம் சொன்னது. மறுவருஷம் இத்தாலியின் போட்டி ஆணையம், அப்டேட்டால் பழைய போன்களைப் படுத்தியதற்காக ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு ஐம்பது லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. அதே 2018-ல் வந்த ஐஓஎஸ் 12, பழைய ஐபேடுகளையும் வேகப்படுத்துவதையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டது. தமிழுக்கு அப்டேட் கொடுத்ததையும் மறந்துவிடக் கூடாது. 2011-ல் ஆண்ட்ராய்டு 4.0 வருவதற்கு முன் பல போன்களில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். 2013-ல் ஐஓஎஸ் 7 போட்டவர்களுக்குத் தமிழ்99, அஞ்சல் என்று இரண்டு விசைப்பலகைகள் உள்ளேயே கிடைத்தன. அஞ்சல் முறையை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியத் தமிழர். அன்று ‘அப்டேட் வேண்டாம்’ என்று தள்ளியவர்கள் எழுத்தையும் சேர்த்துத் தள்ளினார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2020-ல் தம்பி பேச்சைக் கேட்டு ஆண்ட்ராய்டு 9-லேயே நின்றிருந்தால், 2025-ல் குரோம் பிரவுசர் எங்களைக் கைவிட்டிருக்கும். 138-ஆம் பதிப்போடு 8-க்கும் 9-க்கும் கதவை மூடிவிட்டார்கள். எங்களுடையது 11 என்பதால் இன்னும் ஓடுகிறது. சிஸ்டம் அப்டேட் நின்றாலும் பிரவுசரும் விசைப்பலகையும் பிளே ஸ்டோர் வழியாகத் தனியே வந்துகொண்டிருக்கும். மாமா தெலுங்கில் சொல்லச் சொல்ல அதுவே எழுதிக்கொள்வது அப்படி வந்த வசதிதான்.

எங்கள் டேபுக்கு 2023-க்குப் பிறகு எதுவும் வரவில்லை. செட்டிங்ஸில் ‘டேப்லெட்டைப் பற்றி’ என்ற இடத்துக்குள் பாதுகாப்பு பேட்ச் தேதி என்று ஒன்று இருக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை அதைப் பாருங்கள். எங்களுடையது ஒரு வருஷத்துக்கு மேல் பின்தங்கியதும் நான் செய்தது இது: அன்றே பேங்க் ஆப், பணம் அனுப்பும் ஆப் இரண்டையும் எடுத்தேன். சிம்மைக் கழற்றினேன். என் மெயில் கணக்கை நீக்கிவிட்டு, வேறெதற்கும் பயன்படுத்தாத ஒரு கணக்கைப் போட்டேன். தெரியாத லிங்க் எதையும் அதில் தொடக் கூடாது என்று அத்தையிடம் சத்தியம் வாங்கினேன். அது எவ்வளவு நாள் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பணத்தை அதில் வைக்கவில்லை.

இப்போது வாங்குகிறவர்கள் கடையில் ராமைக் கேட்பதற்கு முன், எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்று கேளுங்கள். 2023-ல் பிக்ஸல் 8-க்கும், அடுத்த ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருஷம் என்று வாக்குக் கொடுத்தார்கள். ஐரோப்பாவில் 2025 ஜூனிலிருந்து, ஒரு மாடல் விற்பனையை நிறுத்தின பிறகும் ஐந்து வருஷம் அப்டேட் கிடைக்க வேண்டும் என்று போனுக்கும் டேபுக்கும் சட்டமே வந்துவிட்டது. நம் ஊரில் மலிவு டேப் விற்பவரிடம் இதைக் கேட்டால் சிரிப்பார். சிரித்தாலும் கேளுங்கள்.

மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. அவளுக்கு வேறு வந்துவிட்டது. பழையது மாமாவோடு தறி ஷெட்டில் இருக்கிறது. டிசைன் படம் பார்க்க, கூலிக் கணக்கு எழுத. வெட்டு விழுந்த கைலித் துண்டில் அத்தை ஒரு பை தைத்துக் கொடுத்திருக்கிறார், பஞ்சு போகாமல் இருக்க. போன வாரம் மாமா அதில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். ‘அப்டேட் இருக்கிறதா’ என்ற இடத்தை அழுத்தியிருக்கிறார். திரையில், உங்கள் சாஃப்ட்வேர் மிகப் புதியது என்று வந்திருந்தது.

“பாத்தியாம்மா, எல்லாம் புதுசாத்தான் கீதாம்” என்றார். ரொம்பத் திருப்தியாக மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.