கடைசல் பிடித்தால் வேகம் கூடுமா?

"ஒவ்வொரு ஓட்டம் முடிஞ்சதும் லேத்துல போடு. போடப் போட மோட்டார் வேகமாகும்." ரிமோட் கார் பந்தயம் நடக்கும் இடத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும், இதை யாராவது யாருக்காவது ஓதிக்கொண்டிருப்பார். கடைய எதுவுமே இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் வந்ததும் இந்தப் பேச்சு ஒழியும் என்று நம்பினேன். ஆனால் பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்து ஓட்டுகிறவர்கள் லேத்தோடு சேர்த்து வதந்தியையும் பரணிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

ஐயா, லேத் செம்பைச் சுரண்டி எடுக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

இந்தக் கார்களில் வரும் 540 பிரஷ் மோட்டாரின் ஆர்மேச்சரில் மூன்று காயில், கம்யூட்டேட்டரில் மூன்று செப்புப் பட்டை. கார்பன் பிரஷ் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்குத் தாவும் ஒவ்வொரு முறையும் பொறி பறக்கும். பொறி பட்டையின் விளிம்பைக் கருக்கும், வட்டம் கெடும். வட்டம் கெட்டால் பிரஷ் குதிக்கும், குதித்தால் இன்னும் பொறி. லேத் பட்டைகளைக் கடைந்து மறுபடி வட்டமாக்கி இந்தச் சுற்றை அறுக்கிறது. மோட்டார் இழந்ததுதான் திரும்பக் கிடைக்கிறது. காய்ச்சல் விட்டு எழுந்து நடப்பவனைப் பார்த்து, மாத்திரை இவனைப் பயில்வானாக்கிவிட்டது என்றால் எப்படி?

உடனே ஒருவர் வருவார்: "கம்யூட்டேட்டர் சின்னதானா உராய்வு குறையுமே!" குறையும். கணக்குப் போடுவோம். புதிதில் விட்டம் சுமார் 7.5 மில்லிமீட்டர். அதை 7.2 ஆக்கினால் பிரஷ் இழுத்துப் பிடிக்கும் விசையின் திருப்பம் 4 சதவீதம் குறையும். இதற்காகக் கொடுக்கும் விலையை யாரும் சொல்வதில்லை. பட்டை சுருங்கினாலும் பிரஷ்ஷின் அகலம் சுருங்காது. இரண்டு பட்டைகளை ஒன்றாகத் தொட்டபடி அது நிற்கும் நேரம் கூடும். அந்த நேரமெல்லாம் காயில் ஷார்ட்டாகிச் சூடேறும். செம்பு மெலிய மெலிய, சுழலும் வேகத்தில் பட்டையே பிளாஸ்டிக்கை விட்டுக் கிளம்பலாம். கிளம்பினால் ஆர்மேச்சர் குப்பைக்கு.

நான் ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ பழுது பார்த்து வளர்ந்தவன். கம்யூட்டேட்டர் ஒரே சீரான பழுப்பு நிறத்தில் இருந்தால் எங்கள் பட்டறையில் அதைத் தொடவே மாட்டோம். நன்றாக ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பந்தய மோட்டார் படும் பாடு வேறு, ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் கண்ணால் பார்க்காமலே கடைவதா? விளிம்பு கருத்திருக்கிறதா, நகத்தால் தடவினால் வரி தட்டுகிறதா, அப்போது கடையுங்கள். அதற்கு முன் கறுப்பு மார்க்கர் பேனாவால் முழுக்கப் பூசிக்கொள்ளுங்கள். ஒரு வெட்டுக்கு ஒரு தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மை எங்கேயாவது மிச்சம் இருந்தால் இன்னொன்று. மை மறைந்ததும் கையை எடுத்துவிடுங்கள். பட்டைகளுக்கு நடுவே உள்ள வெட்டில் நிற்கும் பிசிரை மெல்லிய கத்தியால் வழித்து, செப்புத் தூள் போகக் கழுவி, பிரஷ் படியும் வரை குறைந்த வோல்ட்டில் ஓடவிடுங்கள்.

வைர முனைதான் வேண்டுமா? வேண்டாம். நாலைந்து மோட்டார் வைத்திருப்பவருக்குக் கார்பைடு தாராளம். வைரம் கடினம்தான், ஆனால் சில்லுச் சில்லாக உடையும். நின்றுகொண்டிருந்த கம்யூட்டேட்டரில் முட்டவிட்டு ஒன்றை நானே தொலைத்திருக்கிறேன். கண்ணாடி மாதிரிப் பளபளக்க வேண்டுமா? வட்டமாக இருக்கட்டும், போதும். டமியா கிட்டில் வரும் வெள்ளி டப்பா மோட்டாருக்கு லேத் வாங்கலாமா என்று கேட்கிறவர்களே, அதன் மூடியை மடித்து அடைத்திருக்கிறார்கள். ஆர்மேச்சரை எப்படி வெளியே எடுப்பீர்கள்?

லேத் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், ஸ்லோவாக்கியாவின் ஹூடி நிறுவனத்தின் பெயரைக் கேட்டதும் பணத்தை நீட்டாதீர்கள். நல்ல பெயர்தான், ஆனாலும் கையால் சோதியுங்கள். வெட்டுளி உட்காரும் வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் வேண்டாம். உளி முனை ஷாஃப்டின் மையத்துக்கு நேராக வருகிறதா பாருங்கள். பெல்ட் ஷாஃப்டைத் தாங்கியில் அழுத்திப் பிடிக்க வேண்டும், தூக்கக் கூடாது.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு மைக்ரோமீட்டர் வாங்குங்கள். லேத்துக்கு அத்தனை பணம் போட்டவர்கள் இதற்கு மட்டும் கணக்குப் பார்ப்பது எனக்கு விளங்கவே இல்லை. கடைந்ததும் கம்யூட்டேட்டரின் இரண்டு முனைகளிலும் அளவெடுங்கள். வித்தியாசம் இருந்தால் வண்டி ஷாஃப்டுக்கு இணையாக ஓடவில்லை, குற்றம் லேத்தில். ஒவ்வொரு மோட்டாருக்கும் தேதியும் விட்டமும் நோட்டில் எழுதிவையுங்கள். எத்தனை தௌவை வேகம் என்ற பெயரில் தூளாக்கினீர்கள் என்பது நாலாவது வரியிலேயே தெரிந்துவிடும். என்னுடைய மைக்ரோமீட்டரை இரவல் வாங்கிப் போனவர் அடுத்த பந்தயத்துக்குள் திருப்பித் தந்தால் நல்லது.