சிவப்புக்கு அப்பால்

ஞாயிற்றின் வெண்கதிரை முப்பட்டகம் பல நிறங்களாகப் பிரித்தலை நாம் அறிவோம். அவற்றுள் வெப்பம் மிக்கது எது என வில்லியம் ஹெர்ஷல் 1800-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஆராய்ந்தார். குமிழைக் கறுப்பாக்கிய வெப்பமானி ஊதாவினும் பச்சையிலும், பச்சையினும் சிவப்பிலும் மிகுதியாக ஏறிற்று. சிவப்பையும் கடந்து, நிறமொன்றும் தோன்றாவிடத்தில் வைத்தபோதோ இன்னும் ஏறிற்று! கண்ணுக்குப் புலனாகாத அதுவே அகச்சிவப்புக் கதிர்.

ஈண்டு நம்மிற் பலர் கேளாது விடும் ஐயம் ஒன்று உண்டு. இவை யாவும் மின்காந்த அலைகளே. அலைநீளம் குறையக் குறைய ஒளித்துகள் ஒவ்வொன்றின் ஆற்றலும் மிகும் என்று படிக்கின்றோம். அங்ஙனமாயின் ஊதாவன்றோ மிகச் சுட்டிருத்தல் வேண்டும்? வெப்பமானி ஒரு துகளை அளப்பதன்று. தன்மேல் விழும் கதிரனைத்தின் ஆற்றலையும் கூட்டியே அளப்பது. முப்பட்டகமோ ஊதாப் பக்கத்தை அகல விரித்துச் சிவப்புப் பக்கத்தை நெருக்குகின்றது. ஆதலின் அதே குமிழின்மேல் ஆண்டு மிகப் பல அலைநீளங்கள் ஒருங்கே விழுகின்றன.